மாமாவின் கடைசி வண்டிக்கு நான் போட்ட ஃபிலிம்

பொழிச்சலூரில் குடியிருப்பவள் விமானத்தைப் படம் எடுத்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, தலைக்கு மேலேயே போகிறது. நான் ரயிலைத்தான் எடுப்பேன், அதுவும் ஸ்லைடு ஃபிலிமில். "ஃபோன்லயே எடுக்கலாமே" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று வரும். ஸ்லைடில், கழுவி வந்த ஃபிலிமே படம். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் ரயில் குட்டியாக, முழு நிறத்தோடு உள்ளே நிற்கும். அந்த நிறத்துக்கு நான் அடிமை.

ஆனால் அது சரியான முசுடு. வெளிச்சம் கொஞ்சம் கூடினால் வெளுத்துப்போகும், குறைந்தால் நிழலெல்லாம் கரி. சாதாரண நெகட்டிவ் ஃபிலிம் நம் தப்பைப் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே செய்ததுதான் இப்போது உறுத்துகிறது.

போன வருடம் என் அக்கா கணவர் ஓய்வு பெற்றார். மாமா என்று கூப்பிடுவேன். பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் மின்சார ரயில் ஓட்டியே தலை நரைத்தவர். ஓட்டுநரின் கடைசி வண்டி என்றால் கூட வேலை செய்பவர்கள் முகப்பில் மாலை கட்டி அனுப்புவார்கள், குடும்பம் பிளாட்பாரத்தில் நின்று வரவேற்கும். அதற்கு முந்தின வாரம் மாமா என்னைக் கூப்பிட்டார். யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை அவர்.

"ட்யூட்டில ஃபோனைத் தொடக் கூடாதும்மா. அதனால கேபின்ல நான் இருக்கற மாதிரி ஒரு போட்டோகூட கிடையாது. மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு, போதும்."

"கவலையே படாதீங்க மாமா, ஜமாய்ச்சுடலாம்" என்றேன்.

அன்று காலை ஃபிரிட்ஜைத் திறந்தேன். தோசை மாவுக்குப் பின்னால் ஒரு நெகட்டிவ் ரோல், ஒரு ஸ்லைடு ரோல். கை முதலில் நெகட்டிவிடம்தான் போனது. முகத்துக்கு அதுதான் சரி. அப்புறம் சாயங்கால வெயிலில் சாமந்தி மாலையோடு வண்டி தாம்பரத்துக்குள் நுழைவது மனதில் ஓடியது. அந்த மஞ்சள் நெகட்டிவில் அப்படி வராது. ஸ்லைடை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிளாட்பாரத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஃபோனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் ஃபோனை உள்ள வைங்க. ஃப்ரேம் பூரா கையா வருது."

"ஒண்ணே ஒண்ணு சித்தி, அப்பா கேபின்ல இருக்கும்போது" என்றாள் அக்கா மகள்.

"நான் எதுக்கு இருக்கேன்? அப்புறம் எடுத்துக்கலாம், போ."

அவளும் ஃபோனைக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

வண்டி வந்தது. முகப்பு முழுக்க வெயில், மாலை தகதகவென்று எரிந்தது. மாமா பிளாட்பாரப் பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். அவர் இருந்தது கூரை நிழலில். இரண்டு இடத்துக்கும் வெளிச்சத்தை அளந்தேன். முகத்துக்கு வைத்தால் பூ வெளுத்துவிடும், பூவுக்கு வைத்தால் முகம் போய்விடும். பூவுக்கு வைத்தேன். எடுத்த படங்களில் ஒன்றையாவது முகத்துக்கு வைத்திருக்கலாம். வண்டியைப் பார்த்த வெறியில் அது தோன்றவே இல்லை. மாமா சிரித்தபடி அசையாமல் நின்றுகொடுத்தார். பிறகு கூட வேலை செய்பவர்கள் அவரை இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்கள். வண்டியும் கிளம்பிவிட்டது.

வெளியூர் லேபிலிருந்து ஸ்லைடுகள் வந்ததும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். பூவின் ஒவ்வொரு இதழும் தெரிந்தது. ஜன்னலில் தலை இருந்தது, தோள் இருந்தது, முகம் இருந்த இடத்தில் கறுப்பு.

"நான் எங்கம்மா?" என்றார்.

"ஸ்லைடு ஃபிலிம் அப்படித்தான் மாமா. நிழல்ல நிக்கறவங்க மூஞ்சி அதுல வராது."

கூசாமல் சொன்னேன். ஃபிலிமுக்கு வாயில்லையே. அவர் அதை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "வண்டி சூப்பரா வந்திருக்கு" என்றார். அக்கா மகள் என்னைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது மாமாவின் சர்ச் நண்பர் ஒருவர் வந்தார். படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"யாரு சார் டிரைவர்? மூஞ்சியே தெரியலையே."

"நான்தான்" என்றார் மாமா. "அது ஸ்லைடு ஃபிலிம் சார். நிழல்ல நிக்கறவங்க மூஞ்சி அதுல வராது. எடுத்தவங்க மேல தப்பில்ல, அவங்க பெரிய கை."

என் வார்த்தைகளையே, எனக்காக, ஒன்று விடாமல் சொன்னார். வெட்கம் பிடுங்கித் தின்றது. "உங்க மூஞ்சி அதுல வந்திருக்கும், மாமா. நான்தான் உங்களைப் பார்க்கல" என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நண்பர் என் பக்கம் திரும்பி, "நீங்க எடுத்ததா? பிரமாதம்" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்றேன்.