பதினான்கு வானொலிக் கொப்பிகள்

சிவக்கொழுந்தின் புருசன் அரியநாயகம் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் போனது ஒரேயொரு முறை, அதுவும் கண் வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு. ஆனால் நயினாதீவுச் சங்கக் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னேரம் வந்து றேடியோவுக்கு முன்னால் கதிரையைப் போட்டாரென்றால், மொஸ்கோவும் மணிலாவும் ரோக்கியோவும் அவருடைய விறாந்தையில்தான்.

வளவில் இரண்டு பனைகளுக்கு நடுவே கட்டிய செப்புக் கம்பி அந்த ஊர்களின் பேச்சையும் பாட்டையும் இழுத்துக்கொண்டு வந்தது. எந்த நிலையம், எத்தனை மணி, எந்த அலைவரிசை என்று கொப்பியில் எழுதுவார். சத்தம் எவ்வளவு தெளிவு, இரைச்சல் எவ்வளவு என்பதற்கு ஐந்து இலக்கத்தில் ஒரு குறிப்பு. அதையே கடிதமாக அனுப்பினால் அந்த நாட்டு வானொலிக்காரர் கலண்டரும் புத்தகமும் அனுப்புவார்கள். பதினைந்து வருசத்தில் பதினான்கு கொப்பிகள் நிறைந்துவிட்டன.

புத்தகத்தில் சமையல் குறிப்பு வந்தால் அது சிவக்கொழுந்தின் பங்கு. ரஷ்யாக்காரரின் பீற்றூட் சூப்புக்கு அவள் முதற்பால் விட்டாள்.

"இஞ்சேரும், ரஷ்யாவில தேங்காய்ப்பால் விடுறேல்லை."

"அவங்களிட்டத் தேங்காய் இல்லை, விடேல்லை. இருந்தால் விடாமலே இருப்பாங்கள்?"

அவர் இரண்டு கோப்பை குடித்தார்.

எண்பத்தாறு ஆனி மாதம், அம்மன் கோயில் கொடியேறிய கிழமை, ரோக்கியோ வானொலி நேயர்களைத் தங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றி எழுதச் சொன்னது. அரியநாயகம் எட்டுப் பக்கம் எழுதினார். தேர் எத்தனை மணிக்கு, சனம் எத்தனை வள்ளத்தில் வரும், எந்த இறங்குதுறையில் இறங்கும், எந்த ஒழுங்கையால் போகும் என்று ஒன்றும் விடவில்லை. முடிவில், வழக்கம்போல, அந்த மாதம் கேட்ட நிகழ்ச்சிகளுக்கு நாற்பது வரி ஐந்திலக்கக் குறிப்பு.

கடிதம் போய் மூன்றாம் நாள் பின்னேரம் பக்கத்து வளவு மார்க்கண்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இறங்குதுறை நேவி முகாமில தபால் சாக்கை அவிழ்த்துக் கொட்டி ஒவ்வொண்டாப் பிரிக்கிறாங்களாம். அண்ணையின்ர காதல் கடிதம் ஏதும் போனதோ?"

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய், "அதில என்னத்தை எழுதினனீங்கள்?" என்று கேட்டாள். அவர் கொப்பியிலிருந்த பிரதியை ஆசையாக வாசித்துக் காட்டினார். வள்ளக் கணக்கும் இறங்குதுறையும் வந்த இடத்தில், நேவிக்காரன் இதை எப்படி வாசிப்பான் என்று நினைத்து அவள் கொப்பியை மூடினாள்.

"திருவிழாவைத்தானே எழுதினனான். நீர் ஏன் பயப்படுறீர்?"

மறுநாள் காலை அவர் கடைக்குப் போனதும் மார்க்கண்டைப் பனையில் ஏற்றிக் கம்பியை அறுப்பித்தாள். புத்தகங்களைத் தொடவில்லை. அச்சடித்ததில் ஆரும் பிழை பிடிக்க மாட்டார்கள், கையெழுத்துத்தான் ஆளைக் கொல்லும் என்பது அவள் எண்ணம். கொப்பிகளை ஒவ்வொன்றாகக் கிழித்து அடுப்பில் வைத்தாள். பதினான்கும் முடிய, உலையில் சோறும் பதமாகியிருந்தது. அப்போதுதான் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. மார்க்கண்டுதான் ஓடி வந்தான். இப்போது அவனிடம் பகிடி இல்லை.

"அக்கா, அண்ணையைக் கடையில வைச்சுக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள்."

முகாம் வாசலில் அவளை ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்தார்கள். பிறகு தமிழ் தெரிந்த ஒருவன் வெளியே வந்தான். அவன் கையில் அந்த எட்டுப் பக்கம். ஒவ்வொரு ஐந்திலக்கத்தையும் சுற்றிச் சிவப்புப் பென்சில் வட்டம்.

"அம்மா, இது ஏதோ இரகசியக் குறியீடெண்டு எங்கட பெரியவர் நினைக்கிறார், றேடியோக் குறிப்பெண்டு ஐயா சொல்லுறார். பதினைஞ்சு வருசமா இப்பிடித்தான் எழுதுறாராம், கொப்பியெல்லாம் வீட்டில இருக்காம். பெரியவர் அதைப் பாக்கவேணுமாம். பழைய கொப்பியிலயும் இதே மாதிரி இருந்தால் விட்டிடுவார்."

"இல்லாட்டி?"

"மூண்டு மணி வள்ளத்தில காரைநகர்ப் பெரிய முகாமுக்கு ஏத்திப்போடுவினம். அங்கால எங்களுக்குத் தெரியாது."

திறந்திருந்த கதவுக்குள்ளே மர வாங்கில் அரியநாயகம் உட்கார்ந்திருந்தார். மேற்சட்டை இல்லை. அவளைக் கண்டதும் முகம் தெளிந்து, கடையில் சாமான் எடுக்கச் சொல்வதைப் போலக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும்! அலுமாரியின்ர மேல் தட்டு. பழசு அடியில கிடக்கு. பதினாலையும் கொண்டு வாரும், ஒண்டையும் விட்டிடாதையும்!"

இறங்குதுறையில் ஆரோ வள்ளத்தின் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றாள் சிவக்கொழுந்து.