தொடைவலி என்று சொல்லி வந்தவர்கள்

பிசியோதெரபி வேலையில் பாதிப் பொழுது வலி எங்கே என்று தேடுவதிலேயே போய்விடும். அதிலும் தொடை இடுக்குத் தசை பிடித்துக்கொண்டு வருகிற ஆம்பிளைகளிடம் என்னைப் போலப் பெண் பிசியோவாக மாட்டிப் பாருங்கள், சக பாவிகளே!

சனிக்கிழமை வீரர்

வைட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. ஆசாமி. வாரம் முழுக்க நாற்காலி, சனிக்கிழமை காரை விட்டு இறங்கியதும் நேரே ஷட்டில் கோர்ட். பக்கவாட்டில் ஒரே எட்டு வைத்தாராம், உள்தொடையில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. வார்ம்-அப் செய்தீர்களா என்று கேட்டேன்.

"டிராஃபிக்ல ஒன்றரை மணி நேரம் கிளட்ச் மிதிச்சேனே மேடம், அது வார்ம்-அப் இல்லையா?"

கோல்கீப்பர்

ஆரோக்கியராஜ் எங்கள் சர்ச்சுக்காரர். அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறார், நல்ல கோல்கீப்பர். ஒரு கம்பெனி டீமில் இடம் கிடைத்தால் கூடவே நிரந்தர வேலை. செலக்‌ஷனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தார். எங்கே வலி என்றால் தொடையின் நடுவில் கை வைத்தார். இன்னும் மேலேயா என்றதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

முழங்கால்களுக்கு நடுவே ஒரு பந்தை வைத்து இறுக்கச் சொல்லியிருந்தால் இடுக்குத் தசைதான் என்று அப்போதே தெரிந்திருக்கும். மனுஷர் கூச்சப்படுகிறாரே என்று நானும் விட்டுத் தொலைத்தேன். முன்தொடைக்கு வைத்தியம் பார்த்தேன். நேராக ஓடினார், வலிக்கவில்லை. ஆடலாம் என்று என் வாயாலேயே சொன்னேன்.

"நீங்க சொன்னா போதும் சிஸ்டர், இனிமே எனக்குப் பயமில்ல."

செலக்‌ஷன் நாள்

பத்தாவது நிமிடம் பந்தைத் தடுக்கக் காலை அகல நீட்டியிருக்கிறார். தசை கிழிந்துவிட்டது. இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார். ஐஸ், இறுக்கமான கட்டு, ஓய்வு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி என்று மூன்று மாதம் ஆகும். செலக்‌ஷன் அன்றோடு முடிந்துபோனது. "இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்று கத்தினேன். கோபமெல்லாம் என் மேல்தான்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் உக்கார்றேன், உங்ககிட்ட எப்படி சிஸ்டர் சொல்றது? நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்."

கூச்சப்பட்டது நாங்கள் இரண்டு பேரும், வேலை கைநழுவியது அவருக்கு மட்டும். என் கிளினிக் வழக்கம்போல ஒன்பது மணிக்குத் திறக்கிறது.