இரண்டாவது மழை

ஆகஸ்ட் கடைசியில் மீஞ்சூர் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். போன இடத்தில் மைக் வேலை செய்யவில்லை. சரிசெய்ய அரை மணி நேரம் ஆகுமாம். அதுவரை விருந்தாளியை என்ன செய்வது? ஒரு பேராசிரியர் தன்னுடைய லேபைக் காட்ட அழைத்துப் போனார்.

அங்கே ஒரு கதவு அளவுக்கு இரும்புத் தட்டு, சற்றே சாய்வாக. அதில் பரப்பிய மண். மேலே ஷவர் மாதிரிக் குழாய்கள். கீழ்முனையில் சின்ன வாய்க்கால், அதற்கடியில் ஒரு வாளி. பெய்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போகிறது, எவ்வளவு ஆறாக ஓடுகிறது, எவ்வளவு நேரம் கழித்து ஓடுகிறது... இதைத்தான் பார்க்கிறார்கள்.

குழாயைத் திறந்தவர் லேப் உதவியாளர் செல்வி. பழவேற்காடு பக்கம் தோணிரேவு என்ற ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

பத்து நிமிடம் மழை பெய்தது. மண் குடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வாளியில் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம். அவ்வளவுதானா?

"இப்ப பாருங்க" என்றார் பேராசிரியர். அதே அளவு தண்ணீர், அதே பத்து நிமிடம். இந்த முறை திறந்த கொஞ்ச நேரத்திலேயே வாய்க்கால் ஓட ஆரம்பித்தது. வாளி நிரம்பி வழிந்தது.

"முதல் மழைய மண்ணே குடிச்சிடும் மேடம். ரெண்டாவது மழைக்கு உள்ள இடம் இருக்காது. வர்றதெல்லாம் ஓடிடும்."

நான் தலையாட்டினேன். செல்வி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்... ஆத்துலயும் இப்டித்தானா?"

"ஏறக்குறைய. வழியில குளம், தடுப்பணைன்னு நிறைய இருக்கும். ஆனா அடிப்படை இதுதான்."

செல்வி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். செல்வியின் கணவர் வேலுவும் அண்ணன் கோவிந்தனும் பழவேற்காடு ஏரியில் கழி ஊன்றி, கூட்டாக வலை கட்டுகிறவர்கள். ஆற்று வெள்ளம் ஏரியில் இறங்குவதற்குள் வலையை எடுத்துவிட வேண்டும். போன வருடம் முதல் பெருமழைக்கு வெள்ளம் வர மூன்று நாள் ஆனது. அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொரு மழை. கோவிந்தன் வெளியூரில் இருந்தார். வேலு, இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று விட்டுவிட்டார். மறுநாள் காலையிலேயே வெள்ளம் வந்தது. வலை, கழி எல்லாம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்விட்டன. மற்ற வலைக்காரர்கள், ஊரில் நடந்த ஒரு கல்யாணத்துக்காக, முன்தினமே வலையை எடுத்திருந்தார்கள் — பழி வேலு ஒருவர்மேல் விழுந்தது.

"குடிச்சுட்டுப் படுத்துக்கினு இருந்தான்னு எங்கண்ணன் ஊர் பூரா சொல்லிச்சு மேடம். நாள் கீதுன்னுதான் வுட்டேன்னு அவரு சொன்னாரு. நானே நம்பல" என்றார் செல்வி. "ஒரு வருசமா ரெண்டு பேருக்கும் பேச்சில்ல."

அடுத்த சனிக்கிழமை இருவரையும் லேபுக்கு அழைத்துவர அனுமதி கேட்டார். பேராசிரியர் சரி என்றார். நானும் போனேன் — எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேலை?

இருவரும் வேறு வேறு பஸ்ஸில் வந்தார்கள். வேலு சுவரோரம் நின்றார். கோவிந்தன் தட்டுக்குப் பக்கத்தில் குந்தினார். இரண்டு மழையும் பார்த்து முடித்தார்.

"ரெண்டாவது தபா தண்ணிய ஜாஸ்தியா வுட்டுட்டீங்க சார்."

பேராசிரியருக்குக் கோபம் வரவில்லை. காய்ந்த மண்ணோடு இன்னொரு தட்டைக் காட்டினார். "டிரம்ம நீங்களே ரொப்புங்க. நீங்களே திறங்க."

கோவிந்தன், குழாய்க்குத் தண்ணீர் போகும் டிரம்மில் அளவுக் கோடு வரைக்கும் தண்ணீர் ரொப்பினார். விரலை வைத்துச் சரிபார்த்துவிட்டுத் திறந்தார். மறுபடி ரொப்பினார், மறுபடி விரல், மறுபடி மழை. இரண்டாவது தடவை வாளி அவர் காலை நனைத்தது.

குழாயை மூடினார். பிறகு திரும்பாமலே கேட்டார்:

"அன்னிக்கு மண்ணு ஈரமாவா இருந்துச்சு, மாப்ள?"

"ஒரு வாரமா சொதசொதன்னு கெடந்துச்சு மச்சான். நான்தான் அத யோசிக்கல."

"யாருதான் யோசிச்சா."

மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய வாளியை இன்னொரு முறை கழுவினார்.

ஒருவர் தவறினால் நாம் உடனே அவர் குணத்தில்தான் காரணம் தேடுகிறோம். சோம்பேறி, பொறுப்பில்லாதவன், குடிகாரன்... எவ்வளவு சுலபம். நடந்ததை இன்னொரு முறை நடத்திப் பார்க்கிற பொறுமை வீடுகளில் யாருக்கு இருக்கிறது? செல்விக்கு இருந்தது.

இந்த வருடமும் முதல் மழைக்கு வெள்ளம் நிதானமாகத்தான் வந்தது. இரண்டாவது மழை போன செவ்வாய்க்கிழமை. மதியம் மழை விட்டதுமே மச்சானும் மாப்பிள்ளையும் படகை எடுத்துக்கொண்டு போய் வலையை அவிழ்த்திருக்கிறார்கள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்? மூணு நாள் கீதே" என்று பக்கத்து வலைக்காரர்கள் கேட்டார்களாம்.

"மண்ணு நனைஞ்சு கீது. நாளைக்கே வந்துடும். எங்க மாப்ள சொன்னாரு" என்றாராம் கோவிந்தன்.

அவர்களும் எடுத்தார்கள். மறுநாள் காலை வெள்ளம் வந்தது. ஒரு வலைகூடப் போகவில்லை. செல்வி போனில் இதைச் சொல்லும்போது பின்னால் இரண்டு ஆண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள் — கழியை எங்கே ஊன்றுவது என்பதில் அவர்களுக்கு இப்போது புதிதாக ஒரு தகராறு.

ஒரு சின்னத் திருத்தம். நாளைக்கே வெள்ளம் வரும் என்று சொன்னது மாப்பிள்ளை இல்லை, செல்வி. கோவிந்தன் விட்டுவிட்டதை நானாவது அச்சில் போட்டுவைக்கிறேன்.