கோணல் வரைபடம்

அந்த வரைபடம் கோணலாகத்தான் இருந்தது. இடப்பக்கக் கோடு மேலே போகப் போகச் சற்றே சாய்ந்து, எண்கள் கோட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. அலங்காரம் ஏதுமில்லாத வெள்ளைத் தாளில், இரட்டை இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்த ஒரு கட்டுரையின் நான்காம் பக்கம் அது. ஆம்பூரில் எங்கள் கல்லூரி நூலகத்தின் கணினித் திரையில் அதைத் திறந்து வைத்துவிட்டு, எங்கள் நூலகர் அம்மா நாற்காலியில் சாய்ந்து, காலையில் வாங்கி ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். நான் அங்கே உதவி நூலகர்.

கல்லூரியின் ஆய்வுகளையெல்லாம் இணையத்தில் ஓரிடத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் படிக்கலாம் என்று திறந்து வைத்தவர் அவர்தான். களஞ்சியம் என்று பெயர். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஆசிரியர்களிடம் கட்டுரை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். பேருந்தில் நின்றபடி கைப்பேசியில்தான் படிப்பார்கள். அவர்களை நினைத்துத்தான் அம்மா ஒவ்வொரு துறையாகப் படியேறினார்.

வேதியியல் சார் மட்டும் கேட்காமலே கொடுத்தார். தோலைப் பதப்படுத்தும்போது உப்பைக் குறைப்பது பற்றிய கட்டுரை, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்திருந்தது. தோல் கழிவால் உப்பேறிப்போன இந்தப் பக்கத்துக் கிணறுகளின் தண்ணீரை ஒரு வாய் குடித்தவர்களுக்கு அந்த ஆய்வின் அருமை தெரியும். அவர் தந்தது இதழில் அச்சான அழகுப் பிரதி. இதழின் சின்னம், இரண்டு பத்தி அமைப்பு, வழவழப்பான வண்ணப் படங்கள். கல்யாண ஆல்பத்தைக் காட்டுவதுபோல் காட்டிவிட்டுக் கொடுத்தார். அம்மா விடுப்பில் இருந்த வாரம் அது. கல்லூரி அலுவலகத்திலிருந்து நேராகக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டார்கள்.

எல்லா ஊர் ஆசிரியர்களும் செய்கிற தவறுதான். ஆய்விதழ் அச்சுக் கோத்து அழகுபடுத்திய பிரதி, பதிப்பகத்தாருக்கு உரியது. அவர்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டபோது ஆசிரியர் கையில் இருந்த வெறும் தட்டச்சுப் பிரதியை மட்டும் கல்லூரிக் களஞ்சியத்தில் வைத்துக்கொள்ள அந்த இதழ் அனுமதித்திருந்தது. ஆனால் அழகானதை விட்டுவிட்டு அவலட்சணமானதை யார் கொடுப்பார்கள்? சில மாதங்களில் அச்சுப் பிரதியை நீக்கச் சொல்லிப் பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. நிர்வாகம் பயந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் விவகாரம் முடியாவிட்டால் களஞ்சியத்தையே மூடிவிடுங்கள், நமக்கெதற்கு வம்பு என்றது. ஒருவர் கொடுத்த ஒரு பிரதிக்காக எல்லாருடைய உழைப்பும் போகப்போகிறதே என்று எனக்கு வேதியியல் சார்மீது பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா அன்றே அந்தப் பிரதியை எடுத்துவிட்டார். ஆனால் இடத்தை வெறுமையாக விடச் சம்மதிக்கவில்லை. எடுத்துவிட்டு ஓடினால் நாம் திருடியதாகத்தான் ஆகும், சரியானதை வைத்தால் நாம் விதி தெரிந்தவர்கள் என்று ஆகும் என்பது அவர் கணக்கு. சாரைக் கூப்பிட்டு அந்தத் தட்டச்சுப் பிரதியைக் கேட்டார்.

"அந்தப் பழசையா? அதப்போயி எப்படி மேடம் நாலு பேருக்குக் காட்றது? கிராஃபே கோணலா இருக்கும். லேப்டாப்பும் போய்ட்டுது."

"சார், ஃபினிஷிங் பண்ண தோலு கம்பெனியோடது. அதுக்கு முன்ன பதம் பண்ற டிரம்முல இருந்து எடுத்தது பாருங்க, அதான் உங்களோடது. நமக்கு அது போதும். எங்க டைப் பண்ணீங்க, அத சொல்லுங்க."

சார் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. மறுநாள் நாங்கள் இருவரும் போனோம். கைவண்டிகளுக்கு நடுவே புகுந்து கடையைக் கண்டுபிடித்ததும், கடைக்காரப் பாய் கணினியைத் திறந்தார். திரை முழுக்க ஊராருடைய கோப்புகள். கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், முனைவர் பட்ட ஆய்வேடு எல்லாம் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தன.

"எதையும் அழிக்கிற பழக்கம் இல்ல மேடம் நமக்கு. எப்ப யாரு வந்து நிப்பாங்கன்னு தெரியாதில்ல. இன்னா, ஒரே பேஜாரு, தேடணும்."

நாங்கள் பெருமையோடு களஞ்சியம் என்று சொல்லிக்கொண்டிருந்ததை இந்த மனிதர் பெயர் வைக்காமலே நடத்திக்கொண்டிருந்தார். சார் பெயரில் ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் லாஸ்ட் என்று வரிசையாகக் கிடந்தன. இதழ் ஏற்றுக்கொண்டது எது? இதழின் மதிப்பீட்டாளர் கேட்டதால் கடைசியில் சேர்த்தது இரண்டாவது வரைபடம் என்று சார் சொல்லியிருந்தார். அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து, அச்சுப் பிரதியோடு வரி வரியாக ஒப்பிட்டார். வழக்கம்போல் ஃபைனல் லாஸ்ட்டில் அந்தப் படம் இல்லை. ஃபைனல் நியூவில் இருந்தது, கோணலாக.

வெள்ளிக்கிழமை காலை அது களஞ்சியத்தில் ஏறியது. இதழின் பெயரும் அச்சுப் பிரதிக்கான இணைப்பும் முதல் பக்கத்தில் முறைப்படி சேர்க்கப்பட்டன. பதிப்பகம் ஒரு வரியில் நன்றி என்று பதில் போட்டது. களஞ்சியம் பிழைத்தது. சார் மட்டும் அதைத் திறந்து பார்க்கவே இல்லை. யாராவது கேட்டால் அச்சுப் பிரதியைத்தான் எடுத்துக் காட்டுவார்.

அம்மா இப்போது ஓய்வு பெற்று ஜோலார்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். சாரும் ஓய்வு பெற்றுப் பெங்களூர் போய்விட்டார். ஆய்விதழ்களைத் திறக்கக் கல்லூரி தரும் கடவுச்சொல் ஓய்வு பெற்ற மறுநாளே செல்லாமல் போகும், அதுவும் விதி. போன மாதம் சாரிடமிருந்து அழைப்பு வந்தது. நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"என் பேப்பர என்னாலயே தொறக்க முடியலப்பா. பேரனுக்குக் காட்டலாம்னு பாத்தேன். அந்த வெளிநாட்டு சைட்டு நீ யாருன்னு கேக்குது. அது அச்சான புக்கு எங்க வெச்சேன்னும் தெரியல. அப்புறம் நம்ம லைப்ரரில போட்டது தொறந்துச்சு. கிராஃப் கோணலாதான் இருக்குது. இருக்குது இல்ல? மேடம் கிட்ட சொல்லு."

சொன்னேன். அம்மா நெகிழ்வார் என்று எதிர்பார்த்தது என் தவறு.

"ரெண்டாவது கிராஃப் தெரியுதாமா? நீ ஒரு வாட்டி தொறந்து பாத்துடு."

திறந்தேன். நான்காம் பக்கத்தில், எண்கள் கோட்டின்மேல் ஏறி உட்கார்ந்தபடி, அது அப்படியே இருந்தது.