பெட்டிக்கு ஒரு பொன்னாடை

நான் ஒரு மடையன். இதை அடுத்தவர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது சௌகரியம். போன வெள்ளிக்கிழமை மாலை, புதிதாக வாங்கிய கணினியை வேகப்படுத்துகிறேன் பேர்வழி என்று அதன் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயோஸ் திரைக்குள் நுழைந்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஏதேதோ எண்களை மாற்றிவிட்டு வெளியே வந்து பார்த்தால், முன்பைவிட மெதுவாக ஓடியது. இந்தக் காலத்துப் பிராசசர்கள் தேவைப்பட்டால் தாமே வேகமெடுத்து, சூடேறினால் தாமே குறைத்துக்கொள்கின்றனவாம். நான் கை வைத்ததும் அது கோபித்துக்கொண்டு ஒரே வேகத்தில் நின்றுவிட்டது.

தோற்ற கையோடு பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சாம்பிராணி போட்டிருந்தார்கள். பெட்டிக்குள்ளிருந்த விசிறி அந்தப் புகையை இழுத்து, சூடாக்கி, என் முகத்தில் திருப்பி விட்டது. அவ்வளவுதான். நான் மலேசியாவில், குளுவாங்கில் இருந்தேன். இருபத்துச் சொச்சம் வயது. தலையில் முடிகூட இருந்தது.

அப்போது நான் பாக்கியம் அக்காவின் ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்தேன். பெண் தலைகுனியும்போது நாலு பக்கமும் இதயம் பறக்க விடுவது நான்தான். ரோஜா விரிந்து அதற்குள் மாப்பிள்ளை முகம் தெரிந்தால் அதுவும் என் கைவண்ணம்தான். மன்னித்துவிடுங்கள், அந்தக் காலத்தில் அதைக் கலை என்றார்கள். இந்தப் பூவையும் இதயத்தையும் எல்லாம் சேர்த்து ஒரு டிஸ்க்காக ஆக்கக் கணினி ஒரு பகல் முழுக்க மூச்சு வாங்கும்.

பக்கத்து ஊரான பாலோவிலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். சிங்கப்பூர் போகும் வழியில் நாலு மணிக்குக் கார் எங்கள் கடை வாசலில் நிற்கும். டிஸ்க்கைக் கையில் கொடுத்துவிட வேண்டும். பெண்ணின் தங்கை கலைவாணிதான் இதைச் சொல்ல வந்தாள்.

“கண்டிப்பா குடுத்துருவீங்களா, அண்ணே?”

“ரெண்டு மணிக்கே குடுத்துர்றேன்” என்றேன். அவள் நாலு மணி என்றுதான் சொன்னாள். ரெண்டு மணி என் வாய் தானாக வளர்த்துக்கொண்டது.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நண்பன் ஜெகாவைப் பிடித்தேன். பெக்கோ ஊர்க்காரன், செனாய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. வாங்கிய பிராசசரை விற்கும்போது குறித்திருந்த வேகத்திலேயே ஓட விடுவது அவனுக்குப் பெரிய அவமானம். கையில் சூட்டை உறிஞ்சி வெளியே விடும் ஒரு பெரிய செம்பு ஹீட்சிங்க்கோடு வந்து, முதலில் ஒரு பிரஷ்ஷால் பெட்டிக்குள் கிடந்த தூசியெல்லாம் கூட்டினான். பிராசசரின் முதுகில் சூடு கடத்தும் வெள்ளைப் பசையை நான் பல் துலக்கப் பிதுக்குவதுபோல் பிதுக்க, கையில் ஒரு அடி போட்டான்.

“அலமாக்! ரொட்டிக்கு பட்டர் தடவுறியா? ஒரு பட்டாணி அளவு போதும்லா.”

பிறகு பாடம் நடத்தினான். “லம்பாக் மலை ஏர்ற மாதிரிடா. கொஞ்சம் ஏத்து, நில்லு, மூச்சு வாங்கு. சூடு எவ்ளோன்னு பாரு. சோதன ஓட்டிப் பாரு. சரின்னாதான் அடுத்த படி. வோல்டேஜ்ல மட்டும் கைய வச்ச, ஒடச்சிருவேன்.”

“எத?”

“கையத்தான்.”

மிஞ்சிப்போய்க் கணினி எழும்பாமல் அடம் பிடித்தால், உள்ளே மதர்போர்டிலிருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் வைத்துவிட்டு மாட்டினால் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பழையபடி எழுந்திருக்கும் என்றும் சொன்னான். எனக்கு அப்படியொரு பேட்டரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பல முறை நினைத்ததுண்டு.

இப்படி ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதனை ஓட விட்டு, கடைசியாக ஒரு படி ஏற்றியபோது அது தடுமாற, ஒரு படி இறங்கி நின்றோம். சூடும் அடக்கமாக இருந்தது. ஒரு வேலையில் இரண்டு மணி நேரம் மிச்சம்! அதற்கு ஆன செலவு மூன்று நாள். சோதனை ஓடும்போது வேறு வேலை பார்க்க முடியாதல்லவா? கல்யாணம் அப்படியே வெட்டாமல் கிடந்தது. ஆகவே, வெட்டி ஒட்டி முடித்து டிஸ்க்காக்கும் வேலையைத் தொடங்கியது சரியாகச் சரஸ்வதி பூஜையன்று காலையில். பழைய வேகமென்றால் நாலு மணிக்கு முடியவே முடியாது.

பாக்கியம் அக்கா பூஜைத் தட்டோடு வந்தார். அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு. கேமரா, முக்காலி, விளக்கு எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“அத அடைச்சுப் போடு தம்பி. நீ மட்டும் ஒடம்பு சரியில்லன்னு மாசத்துக்கு ரெண்டு எம்.சி. போடுற, அதுக்கு ஒரு நாள் லீவு வேணாமா?”

நான் சட்டென்று திரையை மட்டும் அணைத்தேன். “தூங்கிருச்சுக்கா.”

“கீழ என்ன சத்தம்?”

“கொறட்டக்கா.”

அக்கா நம்பிவிட்டார், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார். நான் வாசலில் தேங்காய் உடைக்கப் போனேன். திரும்பி வந்தபோது திரைக்கு மாலை, பொட்டு, மேசைக்கடியில் சாம்பிராணிப் புகை. கலைவாணி டிஸ்க்குக்குக் காவலென்று பஸ் ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜெகா சுண்டலுக்காக வந்திருந்தான். நான் பெருமையாகத் திரையைப் போட்டேன். கறுப்பு. பெட்டி செத்துக் கிடந்தது.

உயிரூட்டினால், சூடு தாங்காமல் தானே அணைந்ததாகச் சொன்னது. எனக்கு வியர்த்துவிட்டது.

“வேகத்த எறக்கிரு” என்றேன்.

“எறக்குனா நாலு மணிக்கு முடியாது. நேத்து வரைக்கும் நல்லாத்தானடா ஓடுச்சு?” ஜெகா திரையில் எண்களைத் துருவினான். வோல்டேஜ் என்றேன், முறைத்தான். பசை என்றான், நான் முறைத்தேன். இரண்டு நிபுணர்களும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அண்ணே,” என்றாள் கலைவாணி, “பெட்டிக்கு எதுக்கு பொன்னாட?”

குனிந்து பார்த்தோம். மாதர் சங்கத்தில் தனக்குப் போர்த்திய ஜரிகைப் பொன்னாடையை, பாக்கியம் அக்கா பெட்டிக்கு முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் போர்த்திக் கௌரவித்திருந்தார். காற்று போக ஒரு துவாரமில்லை. கூடவே, வயிறு முட்டச் சாம்பிராணி.

“மேல உள்ளதுக்கு மால போட்டேன், கீழ உள்ளது மூஞ்சத் தூக்கி வச்சுக்காதா?” என்றார் அக்கா.

எண் எதையும் தொடவில்லை. பொன்னாடையை எடுத்தோம், பக்கப் பலகையைக் கழற்றினோம், மேசை விசிறியைத் திருப்பி வைத்தோம், முதலிலிருந்து தொடங்கினோம். நல்லவேளை, வீணாய்ப் போனது முக்கால் மணி நேரம்தான். கலைவாணி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் அக்காவின் கல்யாணப் பத்திரிகையாலேயே பெட்டிக்கு வீசிக்கொண்டிருந்தாள். நான் சூட்டைப் படித்துச் சொல்லச் சொல்ல, அவள் வீசுகிற வேகம் ஏறி இறங்கியது. பார்க்கப் பார்க்க என் சூடுதான் ஏறிக்கொண்டிருந்தது. அவள் ‘அண்ணே’யை நிறுத்த நான் பின்னால் பட்ட பாடு தனிக் கதை.

கார் வந்து ஹாரன் அடித்தபோதுதான் டிஸ்க் வெளியே நீண்டது. சுடச்சுட உறையில் போட்டு ஒட்டி, ஓடிப்போய்க் கார் ஜன்னலில் நீட்டினேன். பெண் வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். லேசாகச் சாம்பிராணி மணத்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி ஓடிய காலமெல்லாம், வேலை கூடிச் சூடேறினால் போதும், ஸ்டூடியோ முழுக்கக் கோயில் வாசனைதான். வாடிக்கையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள்.

இப்போது அந்தக் கடையில் முத்துமுத்தாக ஜவ்வரிசி போட்ட தேநீர் விற்கிறார்கள். பெட்டி பழைய இரும்பு லாரியில் போய்விட்டது. பறக்கிற இதயங்களை யாரும் கேட்பதில்லை. பிராசசர்களோ தம்மைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. படிப்படியாக ஏற்றிவிட, நின்று மூச்சு வாங்க, ஒரு மனிதன் பக்கத்தில் வேண்டியதில்லை. என் புதுப் பெட்டியில் டிஸ்க் போட ஒரு பொந்துகூட இல்லை.

பலகையை மாட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். கலைவாணி சாம்பிராணித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“உங்கக்கா அந்தக் கல்யாண டிஸ்க்க இப்பவும் எடுத்துப் பாப்பாங்களா, கலை?”

அவள் திரும்பவில்லை.

“இன்னும் பிரிக்கவே இல்ல.”