அஸ்ஹர் ‘நோ’ சொல்லப் பழகிய கதை

1. சாகாத ரவுட்டர்

பாடசாலையில் இங்கிலிஷ் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் சும்மா இருந்தால் எனக்குத் தலையிடி வரும். அதனால் காத்தான்குடியில் ஒரு போன் கடையின் மேல்மாடியில் வகுப்பு வைத்தேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான தொழில்நுட்ப இங்கிலிஷ். முதல் நாளே பலகையில் எழுதினேன்: ரவுட்டர், ரீசெட், ஃபெயில்ட், எக்ஸ்பயர்ட், ரிஜெக்டட், டெட். சாமான் பழுதானால் பாவிக்கும் சொற்கள்தானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அஸ்ஹர் முன்வாங்கில் இருந்தார். கஷ்டம் அங்கேதான் இருந்தது.

அஸ்ஹருக்கு நாற்பது தாண்டியிருந்தது. மீசை முளைத்த காலம் தொட்டுப் புடவைக்கடை சேல்ஸ்மேன். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். கட்டாரில் இருக்கும் மச்சான், அங்கே ஓர் இன்டர்நெட் கம்பனியில் வாடிக்கையாளர் அழைப்புக்குப் பதில் சொல்லும் வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

"இதுதான் டீச்சர் எனக்குக் கடைசி வண்டி. இன்னும் வயசு கூடினா எடுக்க மாட்டானாம்," என்றார்.

பயிற்சிக்காக நான் வாடிக்கையாளராக நடித்தேன். "மை ரவுட்டர் இஸ் நொட் வர்க்கிங்!" என்று கத்தினேன். ரவுட்டர் செத்துவிட்டது, திருத்த முடியாது என்று அவர் பதில் சொல்ல வேண்டும். அவரோ இரண்டு கையையும் விரித்துக் குளிர்ச்சியாகச் சிரித்தார்.

"மேடம், வெரி குட் ரவுட்டர். லிட்டில் டயர்ட்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"தம்பி, அது களைக்கல்ல. செத்துப்போச்சு. டெட் எண்டு சொல்லுங்க."

"வாசலுக்கு வந்த ஆள்ட்ட அப்படி எப்படி டீச்சர் சொல்ற? எங்கட கடையில இல்ல எண்ட சொல்லே இல்ல. கேட்ட சாறி முடிஞ்சா, இதவிட வடிவானது இரிக்கி, இரிங்க காட்டுறன் எண்டுதான் சொல்லுவம். வாயால இல்ல எண்டா கடைட பரக்கத்துப் போயிரும்."

பரக்கத் என்றால் ஆண்டவன் கொடுக்கும் செழிப்பு. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அன்று தொட்டு அவரை வாசலில் மறித்து, "நோ" என்று சொல்ல வைத்த பிறகுதான் உள்ளே விட்டேன். பாவம், கசாயம் குடிப்பவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லுவார்.

2. எழும்பிப் போகும் முகம்

நேர்முகம் வீடியோ அழைப்பில் நடந்தது. கமராவில் படாத மூலையில் நான் இருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. அவர் வாடிக்கையாளராக நடித்துக் கேட்டார்: ரவுட்டர் வேலை செய்யவில்லை, வாரன்டியும் முடிந்துவிட்டது, இலவசமாகப் புதியது தருவீர்களா?

அஸ்ஹர் நிமிர்ந்து இருந்தார். "நோ மேடம். ரவுட்டர் டெட். வாரன்டி எக்ஸ்பயர்ட். ரிக்குவெஸ்ட் ரிஜெக்டட்."

அப்படிப் போடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் திரையைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போயிருந்தது. இதற்கு மேல் என்ன சொல்வது என்று அஸ்ஹருக்கு நான் படிப்பிக்கவே இல்லையே! வேலை போனது என்றே நினைத்தேன்.

அந்த முகத்தை அஸ்ஹரும் கண்டார். சாறியைத் தடவிப் பார்த்துவிட்டு எழும்பிப் போகிறவர்களின் முகம் அவருக்குத் தெரியாததா?

"மேடம், ப்ளீஸ் சிட்! டோன்ட் கோ!" என்றார். அந்தப் பெண் கதிரையில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார். "யுவர் போன் ஹேஸ் ஹொட்ஸ்பொட்? டுடே யூஸ் ஹொட்ஸ்பொட். டுமோரோ ஐ ஷோ நியூ ரவுட்டர். மோர் பியூட்டிஃபுல்!"

இன்றைக்குப் போனில் உள்ள இன்டர்நெட்டை வைத்துச் சமாளியுங்கள், நாளைக்கு இதைவிட வடிவானதைக் காட்டுகிறேன் என்கிறார். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த கிழமை அஸ்ஹர் தொதல் என்ற இனிப்புப் பொட்டலத்தோடு வகுப்புக்கு வந்தார். வேலை கிடைத்துவிட்டது.

3. லீவு

அஸ்ஹர் கட்டாருக்குப் போன பிறகு, நோன்புப் பெருநாள் நெருங்கும்போது அவருடைய மனைவி ஸபீனா வகுப்புக்குப் படியேறி வந்தார்.

"டீச்சர், பெருநாளைக்கு வாறீங்களா எண்டு கேட்டா, இதவிட வடிவான நாள் ஒண்டு இரிக்கி எண்டுறார். என்ன கதை இது? புள்ளைகள் ஒவ்வொரு நாளும் கேக்குதுகள்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் அஸ்ஹருக்குப் போன் எடுத்தேன்.

"லீவு தரல்ல எண்டு அவட்டச் சொல்லுங்க தம்பி. தெரியாமக் காத்திருக்கிறதுதான் பெரிய பாடு."

"இஞ்ச வாற போனுக்கெல்லாம் டெட், டெட் எண்டு சொல்றன் டீச்சர். வீட்டுக்குச் சொல்ல வாய் வருதில்ல." அவர் குரல் உடைந்தது.

இரண்டு நாள் கழித்து ஸபீனா மறுபடி வந்தார். கண் வீங்கியிருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"சொல்லிட்டார் டீச்சர். தமிழில வரல்லயாம். லீவ் ரிஜெக்டட் எண்டு இங்கிலிசில சொன்னார். மகள்ட்ட அர்த்தம் கேட்டுத்தான் நான் அழுதன்!"

"மறுகா? பிறகு என்ன சொன்னார்?"

"மறுகா, இரி, போன வைக்காத எண்டார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊருக்கு வர எடுத்த டிக்கட்டப் போன்ல காட்டினார்."

இப்போது பலகையில் ‘ரிஜெக்டட்’ என்று எழுதினால், "இரிங்க காட்டுறன்" என்பதையும் பக்கத்தில் எழுதி, இதற்கு இங்கிலிஷில் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் போனை வைக்காதீர்கள்.