மூன்றரை மணித் தலை

ஹெரான் தெருவில் எந்தப் பெண்ணின் உச்சந்தலைச் சுழி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்டால் உர்சுலா யாஃப்தா யோசிக்காமல் சொல்லிவிடுவாள். முகத்தைக் கேட்டால்தான் கொஞ்சம் தடுமாறுவாள். இருபத்தாறு வருஷமாகத் தன் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் ஒரு சுழல் நாற்காலியைப் போட்டு முடி அலங்காரம் செய்கிறவள். தலைகளைப் பின்னாலிருந்து பார்த்தே பழகிவிட்டது.

வருஷம் முழுக்க ஆள் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஆகஸ்டில் வருகிற மெட்ரிக் டான்ஸ்தான் அவளுக்குத் திருவிழா. பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷப் பிள்ளைகள் கோட்டும் நீளக் கவுனும் போட்டுக்கொண்டு போகிற அந்த ஒரு சாயங்காலத்துக்காக ஜனவரியிலேயே அவளுடைய நோட்டில் பெயர் எழுதிவிடுவார்கள். டான்ஸ் நடப்பது ஏதோ ஒரு மண்டபத்தில். அதை யார் பார்த்தது? நிஜமான டான்ஸ் வீட்டு வாசலில்தான். கார் வந்து நிற்கும். கதவிலிருந்து கேட் வரைக்கும் சிவப்புக் கம்பளம் விரித்திருக்கும். கம்பளத்துக்கு வழியில்லாத வீட்டில் சிவப்புத் திரைச்சீலை. தெருவே திரண்டு நிற்க, அம்மா பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து காரில் ஏற்றுவாள். அதுவரைக்கும் கவுனின் நிறத்தைப் பற்றிக்கூட யாரும் மூச்சுவிடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் விசிலடிக்கும், கிழவிகள் அழுவார்கள், பக்கத்துத் தெருக்காரிகள் குறை சொல்வார்கள். குறை சொல்வதற்கென்றே குடை எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

இந்தக் கூத்தை உர்சுலா ஒரு தடவைகூட வாசலில் நின்று பார்த்ததில்லை. ஒருத்தி வெளியே கைதட்டல் வாங்கும்போது அடுத்தவள் உள்ளே நாற்காலியில் இருப்பாள். அது வெளியே சொல்கிற காரணம். உள்ளே வேறு ஒன்று இருந்தது.

தொண்ணூற்றொன்றில் அவளுடைய சொந்த மெட்ரிக் டான்ஸ். முதல் நாளே ஈர முடியைத் தலையைச் சுற்றிப் படிய வாரி, வெட்டிய நைலான் காலுறையை அதன்மேல் தொப்பி மாதிரி இழுத்து மாட்டி, அப்படியே காயவிட்டிருந்தாள். மறுநாள் கழற்றியபோது முடி பட்டுத் துணி போல நேராக விழுந்தது. மண்டப வாசலில் கார் கதவுக்கும் படிக்கும் நடுவே பத்தே அடி. அந்தப் பத்தடியில் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் பட்டு நீட்டிய முடி மறுபடி சுருண்டுகொண்டால், 'முடி வீட்டுக்குப் போயிடுச்சு' என்பார்கள் அங்கே. உர்சுலாவின் முடி அன்றைக்கு ஓட்டமாக ஓடி வீட்டுக்குப் போனது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். மாலை முழுக்கப் பெண்கள் கழிப்பறையில் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய சிநேகிதி காதீஜாதான் கை உலர்த்துகிற மெஷினுக்குக் கீழே அவள் தலையைப் பிடித்து, விரல் வலிக்க வலிக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவள். கூட ஆட வந்த பையன் இரண்டு பேருடைய புட்டிங்கையும் தின்றுவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து உர்சுலாவின் வெறுந்தலையை ஒருவரும் பார்த்ததில்லை. வீட்டில் காலுறைத் தொப்பி, அதன்மேல் ஸ்கார்ஃப். தேவாலயத்துக்கு என்றால் ஹேட். நேராக்குகிற கிரீமை இத்தனை வருஷம் தடவித் தடவி முன்நெற்றி முடியும் கொட்டிவிட்டது. அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம், தெருவே பார்க்க வாசலில் நிற்கிற பேச்சுக்கே இடமில்லை. "கல்யாணத்துல நான் மோதிரம் போட்டது அந்தத் தொப்பிக்குத்தான்" என்பான் அவள் புருஷன் கிளைவ். பஸ் ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது.

அவர்களுடைய ஒரே மகள் ஜோடீனுக்கு இது மெட்ரிக் வருஷம். ஜனவரியில் நோட்டைத் திறந்ததும் உர்சுலா எழுதிய முதல் பெயர் அவளுடையதுதான். மூன்றரை மணி. அதற்குக் கீழே பெரிய கோடு; அதற்குப் பிறகு எந்தத் தலையும் இல்லை. பின்கழுத்தில் கொண்டை, காதோரம் இரண்டு சுருள் என்று மனசுக்குள் ஆயிரம் தடவை வாரிப் பார்த்துவிட்டாள்.

"வாசல்ல என்னை நீதானே கூட்டிட்டுப் போவே?" என்று ஜோடீன் அப்போதே கேட்டாள்.

"தலை என் பொறுப்பு. வாசல் உங்கப்பா பொறுப்பு. நான் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கறேன்."

ஜோடீன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பேசாமல் விட்டால் அந்தப் பெண் எதையோ தீர்மானித்துவிட்டாள் என்று அர்த்தம். பெற்றவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

டான்ஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது குண்டைப் போட்டாள்.

"மம்மி, நோட்டுல என் பேரை அடிச்சிட்டேன். நான் ஸ்டேஷன் பக்கத்துல க்ளாரிஸ்கிட்ட பின்னிக்கப் போறேன்."

உர்சுலா சீப்பைக் கீழே வைத்தாள். "யாரு, அந்தக் காங்கோக்காரியா?"

"அவங்களுக்குப் பேரு இருக்கு மம்மி. இப்பதான் சொன்னேன்."

"பேரு இருக்கட்டும். எனக்குக் கை இல்லையா? தெருவுல என்னடி சொல்லுவாங்க? ஊருக்கெல்லாம் தலை வாரி விடறா, பெத்த பொண்ணே தலையைக் குடுக்க மாட்டேங்குதுன்னு சிரிக்க மாட்டாங்க?"

"சிரிச்சிட்டுப் போகட்டும். தெருவா என்கூட கார்ல வரப்போகுது?"

"சரி போ. அந்த மூணரையை வேற யாருக்காவது குடுத்துடறேன். எத்தனை பேரு காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா!"

"குடுக்காதே. அதை ஒருத்தங்களுக்குன்னு நான் எழுதிட்டேன்."

"யாருக்கு?"

"அன்னிக்கு வருவாங்க, பாரு."

அதற்குப் பிறகு உர்சுலா நோட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்த வரியை மட்டும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் மற்றதைப் படித்தாள். தன் இடத்தில் எந்தச் சிறுக்கியின் பெயர் இருக்கிறது என்று பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவு வலித்தது.

எதிர்வீட்டில் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த காதீஜாவிடம் போய்க் கொட்டினாள். ஜோடீனின் கவுனைத் தைக்கிறவளும் அவள்தான். உர்சுலா படியேறுவதைப் பார்த்ததும் கவுன்மேல் படுக்கை விரிப்பைத் தூக்கிப் போட்டாள்.

"அவளுக்கு என் கை பிடிக்கலியாம் காதீ."

"உன் கையை யாருடி குறை சொன்னா? முதல்ல கோசிஸ்டர் சாப்பிடு." பாகில் ஊறவைத்துத் தேங்காய்த்தூள் தூவிய அந்த இனிப்புப் பணியாரத்தில் இரண்டை ஒரு தட்டில் வைத்து நகர்த்தினாள்.

"உனக்கு ஏதோ தெரியும். மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

"எனக்குத் தெரியறதெல்லாம் இடுப்பளவு மட்டும்தான். நீ சாப்பிட்டுட்டுக் கிளம்பு, உன் கண்ணு விரிப்பு பக்கமே போகுது."

வியாழக்கிழமை க்ளாரிஸிடம் போன ஜோடீன் ஆறு மணிநேரம் கழித்துத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மறுநாள் விடிகாலையில் அவள் தூங்கும்போது துணி கொஞ்சம் நழுவியிருந்தது. உர்சுலா குனிந்து பார்த்தாள். நெற்றியிலிருந்து மேலேறிய மெல்லிய பின்னல்கள், உச்சியில் ஒன்றாகச் சேர்ந்து கிரீடம் மாதிரி சுற்றியிருந்தன. ஒரு வகிடாவது கோணியிருக்காதா என்று தேடினாள். இல்லை. அழகாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

வெள்ளிக்கிழமை, டான்ஸ் நாள். காலை ஆறு மணிக்கு முதல் தலை வந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் உர்சுலாவுக்கு டீ குடிக்க நேரமில்லை. ஒருத்திக்கு அம்மா கொண்டை கேட்டாள், பெண் விரித்துப் போடக் கேட்டாள். உர்சுலா இரண்டு பேரையும் அதட்டிப் பாதி பாதி செய்தாள். ஒருத்தி கண்ணாடியைப் பார்த்து ஓவென்று அழுதாள். அது சந்தோஷ அழுகை என்று தெரிவதற்குள் சமையலறையில் எல்லாருக்கும் பாதி உயிர் போய்விட்டது. இரண்டு மணிக்கு வடமேற்குக் காற்று திரும்பித் தூறல் ஆரம்பித்தது. அவ்வளவுதான், தெருவில் பீதி. ஷவர் கேப், ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை, ஒரு வீட்டில் குப்பைப் பை, கையில் கிடைத்ததையெல்லாம் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் சுவரோரமாக ஓடினார்கள். பதின்மூன்றாவது தலையான லீ-ஆனுக்கு உர்சுலா தன் கையாலேயே இரண்டு பையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிவிட்டாள்.

"ஆன்ட்டி, என் முடி வீட்டுக்குப் போயிடுமா?"

"போகட்டும் பார்க்கலாம்! நான் வாரின முடி கேட்காம எங்கேயும் போகாது. ஓடு!"

கடிகாரம் மூன்றரையைக் காட்டியது. உர்சுலா நாற்காலியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"எங்கடி உன் ஆளு? வரச் சொல்லு, சட்டுனு முடிச்சு விடறேன்."

ஜோடீன் ஹவுஸ்கோட்டோடு வந்தாள். சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். நாற்காலியை அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"உட்காரு மம்மி."

"விளையாடற நேரமா இது? அஞ்சு மணிக்குக் கார் வந்துடும்."

"நோட்டைப் பாரு."

உர்சுலா பார்த்தாள். மூன்றரை மணிக்கு எதிரே ஜோடீன் யாஃப்தா என்பது அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவளுடைய குண்டு எழுத்தில் 'மம்மி' என்று இருந்தது. இரண்டு வாரமாக உள்ளங்கைக்குக் கீழே இருந்தது அதுதான்.

"என் தலையை உன் கையில குடுத்தா, தலையை முடிச்சிட்டு நீ ஜன்னலுக்குப் போயிடுவே. அதான் குடுக்கலை" என்றாள் ஜோடீன். "பின்னல் யாரு வேணா போடலாம் மம்மி. எனக்கு வாசல்ல அம்மா வேணும்."

உர்சுலாவின் கை தானாகப் போய் ஸ்கார்ஃபைப் பிடித்துக்கொண்டது.

"ஜோடீன், முன்னாடி ஒண்ணுமே இல்லடி."

"தெரியும். நாலாங்கிளாஸ் படிக்கிறப்பவே குளியலறைக் கதவிடுக்குல பார்த்துட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"காதீஜா ஆன்ட்டிகிட்ட மட்டும்."

"போச்சு. அப்ப தெருவுக்கே தெரியும்."

மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து காதீஜாவின் குரல் வந்தது. "அபாண்டம்! ஒருத்தர்கிட்டயும் சொல்லல! கிளைவ்கிட்ட மட்டும்தான் சொன்னேன்!"

"எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்!" என்றது கிளைவின் குரல்.

உர்சுலாவுக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, கடைசியில் அழுகை வந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்ன செய்வாள், உட்கார்ந்துவிட்டாள்.

ஜோடீன் ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். காலுறைத் தொப்பியை மெதுவாக, பின்பக்கத்திலிருந்து உருட்டி எடுத்தாள். சிங்க்கில் வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். எண்ணெயை உள்ளங்கையில் சூடு பண்ணி, விரல் நுனியால் வேர்வரைக்கும் தேய்த்தாள். தெருவில் இருக்கிற அத்தனை தலையையும் தொட்டவள் உர்சுலா. அவள் தலையை இத்தனை வருஷத்தில் இன்னொரு கை தொட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு சுகமானதையா நான் மற்றவர்களுக்குச் செய்துகொண்டிருந்தேன் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இடது பக்கம் இன்னும் ஈரம் இருக்கு பாரு" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"கஸ்டமர் வாயைத் திறக்கக் கூடாது."

நீட்டவில்லை, சுருட்டவில்லை. நரைத்த குட்டைச் சுருள்களை விரலால் பிரித்து மேலே தூக்கிவிட்டு, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சின்னச் சீப்பு செருகினாள். கண்ணாடியை நீட்டினாள். உர்சுலா தன் தலையை அப்படியும் இப்படியும் திருப்பி, வேறொருத்தியின் தலையைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள்.

"நெத்தி ஜாஸ்தி" என்றாள்.

"நெத்தி எனக்கும்தான் ஜாஸ்தி. யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு தெருவும் பார்க்கட்டும்."

கதவைத் திறந்ததும் காதீஜா உள்ளே வந்தாள். கையில் கவுன், கூடவே அதே கரும்பச்சைத் துணியில் உர்சுலாவுக்கு ஒரு மேல்சட்டை. "இடுப்பளவு மட்டும்தான் தெரியும்னு சொன்னேனே, யாரோட இடுப்புன்னு கேட்டியா நீ?"

ஐந்து மணிக்கும் தூறல் விடவில்லை. கிளைவ் விரித்த சிவப்புத் திரைச்சீலை நனைந்து கறுத்திருந்தது. குடைகளுக்குக் கீழே தெரு நிறைந்திருந்தது. ஜோடீன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றதும், விசிலடிக்கத் தயாராக வாயில் விரலை வைத்திருந்த பிள்ளைகள்கூட ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டன. அவர்கள் பார்த்தது மகளை இல்லை. உர்சுலாவுக்கு அது புரிந்தது, கால் பின்வாங்கியது. ஜோடீனின் பிடி இறுகியது.

"பத்தடிதான் மம்மி" என்றாள் மெதுவாக.

உர்சுலா காதீஜாவை முறைத்தாள். கழிப்பறைக் கதையையும் சொல்லித் தொலைத்திருக்கிறாள். காதீஜா வானத்தைப் பார்த்துக்கொண்டாள்.

உர்சுலா இறங்கினாள். முதல் துளி நெற்றியில் விழுந்தது, அடுத்தது உச்சியில். எங்கிருந்தோ ஒரு கிழவி, "ஐயோ உர்சி, உன் தலை நனையுது!" என்று குடையோடு ஓடிவந்தாள்.

"நனையட்டும் விடுங்க" என்றாள் உர்சுலா. அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

அப்போது விழுந்தது பாருங்கள் ஒரு விசில், அதைத் தொடர்ந்து தெருவின் கூச்சல் வானத்தைப் பிளந்தது. கேட்டுக்குப் போவதற்குள் உர்சுலா அழுதுவிட்டாள். ஜோடீனைக் காரில் ஏற்றி, கவுனின் ஓரத்தைக் கதவில் சிக்காமல் உள்ளே எடுத்துவிட்டாள்.

கார் நகர்ந்த பிறகும் அவள் உள்ளே போகவில்லை. மற்ற வீட்டுக் கார்கள் ஒவ்வொன்றாகத் தெருவில் வரத் தொடங்கியிருந்தன. பின்னாலிருந்தே பார்த்துப் பழகிய தலைகள் அன்றைக்கு முகத்தோடு வந்தன. முடி நனைந்துவிடும் என்று பயந்து எல்லாரும் கண்ணாடியை இறுக ஏற்றிவிட்டு உள்ளேயிருந்தே கையாட்டினார்கள். லீ-ஆனின் கன்னத்தில் குழி விழும் என்பது உர்சுலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தெருமுனை நெரிசலில் மாட்டி நின்ற ஒரே ஒரு காரின் கண்ணாடி மட்டும் இறங்கியது. பச்சைக் கவுன்காரி மழைக்கு அஞ்சாத பின்னல் தலையை வெளியே நீட்டி இரண்டு கையையும் ஆட்டினாள். உர்சுலா நனைந்த தலையோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு, கார் திரும்பி மறையும்வரை பதிலுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.